சாமியின் கொடையும் சர்க்காரின் கடனும்

(ஒயிட்ஃபீல்டு வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேசப்போகும் பொருளை நாங்கள் தேடிப் பிடிக்கவில்லை. நம் வாசகசாலைச் சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா கூடாதா என்ற தகராறு அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நம் உறுப்பினர் ஒருவரின் பெண் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. நம் பக்கத்திலேயே இருக்கிற சத்திய சாயி ஆஸ்பத்திரியில் காலணா வாங்காமல் அறுவை செய்து பிழைக்க வைத்து அனுப்பினார்கள். அந்தக் குடும்பம் நன்றி மிகுதியில் பாபாவின் படம் ஒன்றைச் சட்டம் போட்டு எடுத்துவந்து வாசகசாலையில் மாட்டக் கேட்டது. இளைஞர் பிரிவு கூடாது என்றது. அதோடு விட்டிருக்கலாம். "கைவித்தைக்காரர் படத்தையா மாட்டுவது?" என்று ஒரு தம்பி கேட்டுவிட்டார். அந்தத் தாய் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனவர், மூன்று வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. அவரோடு நான்கைந்து குடும்பங்களும் வருவதில்லை. சந்தா வாங்கப் போனவரிடம் கதவைத் திறக்காமலே பதில் சொன்னார்களாம்.

சங்கம் கட்டுவது சீட்டுக்கட்டில் வீடு கட்டுவது போல. ஒரு சொல் போதும், கலைந்துவிடும். ஆகவே இதைப் பேசித்தான் ஆகவேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது.

முதலில் ஒன்று. அந்தக் குழந்தை இன்று பள்ளிக்கூடம் போகிறது. அதைவிடப் பெரிய செய்தி இந்த ஆண்டு நம் பேட்டையில் கிடையாது. அதைச் சின்னதாக்கிப் பேசுகிற பகுத்தறிவு நமக்கு வேண்டாம்.

இனி மனிதரைப் பற்றிப் பேசுவோம். அனந்தப்பூர் மாவட்டத்தில் சித்திராவதி ஆற்றங்கரையில் புட்டபர்த்தி என்று ஒரு குக்கிராமம். அங்கே 1926 நவம்பர் 23-ல் பிறந்தவர் சத்தியநாராயண ராஜு. பதினாலு வயது ஆகும் முன்பே, 1940-ல், தாம்தான் ஷிர்டி சாயிபாபாவின் மறுபிறவி என்று அறிவித்தார். ஷிர்டிக்காரர் 1918-ல் மறைந்தவர். 1950-ல் பிரசாந்தி நிலையம் எழுந்தது. பிறகு கல்லூரி, பல்கலைக்கழகம், விமானத் தளம், 1991-ல் பெரிய ஆஸ்பத்திரி என்று அந்த வறண்ட மண்ணில் ஒரு நகரமே எழுந்தது. நாங்கள் ரயில்வேக்காரர்கள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம்: அந்தக் காலத்தில் புட்டபர்த்திக்குப் போகிறவர்கள் தர்மாவரத்திலோ பெனுகொண்டாவிலோ இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். 2000-ல் புட்டபர்த்தி வழியாகவே புதுப் பாதை போட்டு, 'ஸ்ரீ சத்திய சாயி பிரசாந்தி நிலையம்' என்று ஸ்டேஷனுக்கும் பெயர் வைத்தார்கள். டிக்கெட்டில் அடிக்க இடம் போதாத பெயர்! எத்தனையோ சந்தை ஊர்கள் ஒரு பாசஞ்சர் நிறுத்தத்துக்கு மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து கிடக்கின்றன என்பதையும் நாங்கள் அறிவோம்.

நமக்கோ அவர் தூரத்துச் சாமி அல்ல. ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷனில் இறங்கினால் காடுகோடியில் அவருடைய பிருந்தாவன ஆசிரமம். கோடைக்காலத்தில் அவர் அங்கே வந்து தங்கியிருந்த நாட்களில், இங்கே இருக்கிற பல தாய்மார்கள் விடியுமுன்பே எழுந்து தரிசன வரிசைக்குப் போயிருக்கிறார்கள். அப்போது நம்மவர் பலருக்கு இந்த ஊரில் உறவும் இல்லை, மொழியும் இல்லை. கட்டட வேலை, செங்கல் சூளை, கம்பெனி கேட்டு வாசல் என்று எங்கே போனாலும் "ஏய்" என்ற கூப்பாடுதான். அந்த ஒரு வரிசையில்தான் "உட்காருங்கம்மா" என்று சொல்லக் கேட்டோம் என்று ஒரு மூதாட்டி எங்களிடம் சொன்னார். இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், தோழர்களே. மரியாதைக்கு ஏங்குகிற மனிதருக்கு அது கிடைக்கிற இடம்தான் கோயில்.

சரி, கைவித்தை என்று தம்பி சொன்னாரே, அதற்கு வருவோம். பாபா கையைச் சுழற்றினால் விபூதி வரும். மோதிரம் வரும், சங்கிலி வரும், கைக்கடிகாரம் வரும். ஏழைக்கு விபூதி, பெரிய இடத்துக்கு மோதிரம் என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு. சிவராத்திரியில் வாயிலிருந்து லிங்கம் எடுத்தார். இதை நம்பியவர்களில் படிக்காதவர்கள் மட்டும் இல்லை. நீதிபதிகளும் விஞ்ஞானிகளும் மந்திரிகளும் இருந்தார்கள். நம்பாதவர்களிலும் வெளியூர்க்காரர்கள் மட்டும் இல்லை. இந்தக் கன்னட மண்ணே ஒருவரைக் கொடுத்தது. அவரைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டும்.

எச். நரசிம்மையா. கர்நாடகத்து மக்கள் எச்.என். என்பார்கள். கௌரிபிதனூர்ப் பக்கத்து ஏழை வீட்டுப் பிள்ளை. படிப்பதற்காக ஊரிலிருந்து பெங்களூர் வரைக்கும் கால்நடையாக வந்தவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். கதர் தவிர வேறு உடுத்தாமல், கல்யாணம் செய்துகொள்ளாமல், நேஷனல் கல்லூரி விடுதி அறை ஒன்றிலேயே வாழ்ந்து, 2005-ல் மறைந்தவர். பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976-ல், அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் விஞ்ஞான முறையில் ஆராய ஒரு குழு அமைத்தார். பாபாவுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் முன்னிலையில், நாங்கள் சொல்லும் ஏற்பாட்டில் செய்து காட்டுங்கள் என்பதுதான் கேட்டது. ஒரு முறை அல்ல, மறுபடி மறுபடி எழுதினார். பாபா சோதனைக்கு வரவில்லை. பத்திரிகைப் பேட்டியில் அந்தக் குழுவைக் குறை சொன்னதோடு சரி. எச்.என். வைது எழுதவில்லை, கூட்டம் கூட்டிக் கல்லெறியச் சொல்லவில்லை. கேட்டார், அவ்வளவுதான். கேட்டதற்காகவே அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

இன்னொருவர் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். போத்தனூர் ஜங்ஷன் தெரியாத ரயில்வேத் தொழிலாளி உண்டா? அந்தப் போத்தனூரில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போய் அற்புதங்களைச் செய்து காட்டி, செய்கிற விதத்தையும் சொல்லிக் கொடுத்தவர் பி. பிரேமானந்த். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து உருண்டையாக்கிக் காயவைத்து, விரலிடுக்கில் ஒளித்துவைத்து, நேரம் வந்ததும் நசுக்கினால் விபூதி கொட்டும். மேடையில் பள்ளிப் பிள்ளைகளை விட்டே கொட்ட வைப்பார். 1986-ல் ஆந்திர உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். அதன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். அப்போது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் தங்க நகை செய்யக்கூடாது. வெறுங்கையில் தங்கம் வரவழைக்கிறாரே, இவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்! வழக்கு தள்ளுபடியாயிற்று. அந்தச் சட்டமும் 1990-ல் போய்விட்டது. பிரேமானந்த் 2009-ல் காலமானார். ஆனால் அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

இலங்கையில் வாழ்ந்த டாக்டர் கோவூர் செய்ததும் இப்படித்தான். ஜப்பானியக் கடிகாரக் கம்பெனி முதலாளிக்குப் பாபா அற்புதமாக ஒரு கடிகாரம் வரவழைத்துக் கொடுத்தார் என்று ஒரு கதை உலவியது. கோவூர் விவாதம் பண்ணவில்லை. நேராக அந்தக் கம்பெனிக்கே கடிதம் போட்டார். அப்படி ஒருவரைச் சந்தித்ததே இல்லை என்று பதில் வந்தது.

ஆகவே தம்பி சொன்னதில் சரக்கு இல்லாமல் இல்லை. ஆனால் சொன்ன இடமும் சொன்ன ஆளும் சரியில்லை என்போம். எச்.என். துணைவேந்தர் நாற்காலியிலிருந்து பாபாவைக் கேட்டார். நம் தம்பியோ, பிள்ளை பிழைத்த தாயைக் கேட்டார். பலமுள்ளவனைக் கேட்பதற்குப் பெயர் பகுத்தறிவு. பலமில்லாதவளைக் கேட்பதற்கு வேறு பெயர்.

அதோடு இன்னொன்று. விபூதி உருண்டையை ஆயிரம் முறை நசுக்கிக் காட்டினாலும் அந்தத் தாயின் நம்பிக்கையில் ஒரு துளி குறையாது. அவர் நம்புவது விபூதியை அல்ல. பணம் கட்டுகிற கவுண்டரே இல்லாத ஓர் ஆஸ்பத்திரியைக் கண்ணால் கண்டார், அதை நம்புகிறார். சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, ஏன் கன்னடம் தெரியாது என்று கேட்கவில்லை. வேறு இடத்தில் லட்சக்கணக்கில் கேட்ட அறுவையை இலவசமாகச் செய்தார்கள். 2001 ஜனவரியில் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்த நாளிலிருந்து அந்த ஆஸ்பத்திரி இப்படித்தான் நடக்கிறது. இதற்கு நம் பதில் என்ன? கையைச் சுழற்றி மோதிரம் வரவழைத்தார் என்பதற்குப் பதில் சுலபம். இதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்தது ஒரு டாக்டர். மயக்க மருந்து கொடுத்தவர் இன்னொரு டாக்டர். இரவு முழுக்கக் கண்விழித்தது நர்சுகள். மோதிரத்துக்குக் கை அசைத்தவர் இதயத்துக்குக் கை அசைக்கவில்லை. ஆஸ்பத்திரி கட்டினார், மெஷின் வாங்கினார், படித்தவர்களை வேலைக்கு வைத்தார். விஞ்ஞானத்தின் பலத்தை அவர் நன்றாகவே அறிந்திருந்தார் என்றுதான் இதற்கு அர்த்தம். தம் கடைசி நாட்களிலும் அவர் அந்த விஞ்ஞானத்தின் கையில்தான் இருந்தார். 2011 மார்ச் கடைசியில் புட்டபர்த்தியில் தம் ஆஸ்பத்திரியிலேயே சேர்க்கப்பட்டு, செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் கொடுத்து வைத்தியர்கள் ஏறக்குறைய நான்கு வாரம் போராடினார்கள். ஏப்ரல் 24-ல், 84 வயதில் காலமானார். ஏளனத்துக்காகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வருகிற நோய் அவருக்கும் வந்தது, எல்லோருக்கும் தேவைப்படுகிற டாக்டர் அவருக்கும் தேவைப்பட்டார்.

தண்ணீர்க் கதையும் இதுதான். அனந்தப்பூர் இந்தியாவிலேயே மழை மிகக் குறைந்த மாவட்டங்களில் ஒன்று. நிலத்தடி நீரிலோ ஃபுளோரைடு. பல்லில் கறை ஏறும், எலும்பு வளையும். சுதந்திரம் வந்து 45 ஆண்டு கழிந்தும் சர்க்காரால் அங்கே நல்ல குடிநீர் கொடுக்க முடியவில்லை. 1990-களின் நடுவில் சாயி அறக்கட்டளை 700-க்கு மேற்பட்ட கிராமங்களுக்குக் குழாய் போட்டது. எல் அண்ட் டி கம்பெனியின் எஞ்சினியர்கள் திட்டம் போட்டார்கள், கூலியாட்கள் பள்ளம் தோண்டினார்கள், தண்ணீர் வந்தது. விபூதியில் குழாய் முளைக்கவில்லை.

இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அக்காளோ தங்கையோ சென்னையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழாய்க்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு. கிருஷ்ணா தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவர 1976-லேயே மூன்று மாநிலங்கள் ஆளுக்கு 5 டி.எம்.சி. தர ஒப்புக்கொண்டன. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டார்கள். வழியில் ஆவியாகிப் போவது நீங்கலாக 12 டி.எம்.சி. சென்னைக்கு. 1996-ல்தான் தண்ணீர் தமிழக எல்லையைத் தொட்டது. அப்புறமும் வந்தது சொன்னதில் சிறு பங்கே. கண்டலேறு அணையிலிருந்து எல்லை வரைக்கும் 150 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய். மண்கரை சரிந்து, தண்ணீர் கசிந்து வீணாயிற்று. சென்னையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் பெண்கள் ஓடினார்கள். 2002-ல் பாபா அந்தக் கால்வாயைச் செப்பனிட்டுத் தருவதாக அறிவித்தார். 2004-க்குள் வேலை முடிந்தது. தண்ணீர் வரத்து கூடியது.

இரண்டு சர்க்கார்கள் பல ஆண்டாகச் செய்யாததை ஒரு தனியார் அறக்கட்டளை மூன்றாண்டுக்குள் செய்து முடித்தது. இது பாபாவுக்குப் பெருமை என்று பக்தர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். இரண்டு சர்க்கார்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. விழா எடுத்தார்கள். 2007 ஜனவரியில் சென்னையில் பாராட்டு விழா. பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்த முதல்வர் கலைஞர் பாபாவோடு ஒரே மேடையில் அமர்ந்தார். அவர் வீட்டுக்கும் பாபா போனார். மூத்த அமைச்சர் ஒருவருக்குக் கையைச் சுழற்றி மோதிரம் கொடுத்ததையும் பத்திரிகைகள் எழுதின. தண்ணீர் தந்தவருக்கு நன்றி சொல்வது பண்பாடு. அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் வரி வாங்கியவன் கொடுக்கவேண்டிய தண்ணீரை வேறொருவர் கொடுத்தால், வரி வாங்கியவன் மேடையில் உட்கார்ந்து கைதட்டுவதா? நம் பேட்டையில் ஒருவன் வாங்கிய கடனை அடுத்த வீட்டுக்காரர் கட்டினால், கடன்காரனுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவோமா?

தோழர்களே, இதுதான் நாங்கள் சொல்லவந்தது. கொடை வேறு, கடன் வேறு. தனியார் தருவது கொடை. தந்தால் நன்றி சொல்லலாம், தராவிட்டால் கேட்க முடியாது. சர்க்கார் தரவேண்டியது கடன். தராவிட்டால் கழுத்தில் துண்டைப் போட்டுக் கேட்கலாம். நமக்குச் சேரவேண்டிய கடன் எல்லாம் யாரோ ஒருவரின் கொடையாக மாறி வரும்போது, நாம் கேட்கிற பழக்கத்தையே மறந்துவிடுகிறோம்.

கொடுக்கிறவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்ற எண்ணம் வந்துவிட்டால் என்ன நடக்கும்? அதையும் பார்த்துவிட்டோம். 1993 ஜூன் 6 இரவு. பிரசாந்தி நிலையத்தில் பாபாவின் அறைகளுக்குள் நான்கு பேர் கத்தியோடு நுழைந்தார்கள். வெளியாட்கள் அல்ல, ஆசிரமத்துக்குப் பழகியவர்களே. பாபாவின் பணியாட்கள் இருவர் குத்திக் கொல்லப்பட்டார்கள். நுழைந்த நால்வரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஒரே இரவில் ஆறு பிணம். எதற்காக வந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்று கோர்ட்டில் சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை. அப்போது ஒன்றிய உள்துறை அமைச்சராக இருந்த எஸ்.பி. சவாண் பாபாவின் பக்தர் என்பது நாடறிந்த விஷயம். செத்தவர்களுக்கும் தாய் தகப்பன் இருந்திருப்பார்களே!

அடுத்தது பேசக் கூச்சமான விஷயம். ஆனாலும் மறைக்கக்கூடாது. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் மேல்நாட்டுப் பழைய பக்தர்கள் சிலர், பாபா இளைஞர்களிடம் தகாத முறையில் நடந்தார் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார்கள். 2004-ல் பி.பி.சி. அதைப் படமாகவே எடுத்துக் காட்டியது. பாபா தரப்பு மறுத்தது. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, இதையும் நாணயமாகச் சொல்லிவிடவேண்டும். ஆனால் குற்றவாளி இல்லை என்றும் ஒரு நீதிமன்றம் விசாரித்துச் சொல்லவில்லை. அதற்கு முன்பே, 2001 டிசம்பரில், பிரதமராக இருந்த வாஜ்பாயும் உச்சநீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதிகள் இருவரும் இன்னும் சிலரும், அத்தனையும் கட்டுக்கதை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு! நம் ஷாப்பில் ஒரு கலாசி மீது ஒரு மொட்டைக் கடிதம் வந்தால் சஸ்பென்ஷன், விசாரணை அப்புறம். மேலே போகப் போகச் சட்டம் தலைகீழாகிறது.

பணக் கதையும் உண்டு. அவர் மறைந்தபின் 2011 ஜூனில் அவர் தங்கியிருந்த யஜுர் மந்திரத்தைத் திறந்தார்கள். உள்ளே 98 கிலோ தங்கம், 307 கிலோ வெள்ளி, 11 கோடியே 56 லட்சம் ரூபாய் ரொக்கம் இருந்ததாக அறிக்கை வந்தது. அவர் அதை அனுபவித்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. எத்தனை பக்தர் எத்தனை காலமாகக் கொண்டுவந்து கொட்டினார்களோ! ஆனால் நம் சங்கத்தில் இருபது ரூபாய் சந்தாவுக்கும் ரசீது உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் நின்றுகொண்டு வரவு செலவு படிக்கிறார், போன வருஷம் டீச் செலவில் 40 ரூபாய் உதைக்கிறது என்று ஒரு பாட்டி எழுந்து கேட்டார், பொருளாளர் வியர்த்துப்போனார். அந்தப் பாட்டிக்கு இருக்கிற உரிமை, காணிக்கை போட்ட ஒரு பக்தருக்கு அங்கே இருந்ததா?

சர்க்கார் மட்டும் கும்பிட்டபடியே இருக்கிறது. 2011-ல் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பிரதமர் மன்மோகன் சிங்கும் சோனியா காந்தியும் போய் வணங்கினார்கள். 2022-ல் ஆந்திரத்தில் மாவட்டங்களைப் பிரித்தபோது ஒரு மாவட்டத்துக்கே ஸ்ரீ சத்திய சாயி மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 2025 நவம்பர் நூற்றாண்டு விழாவுக்குப் பிரதமர் மோடி வந்து 100 ரூபாய் நாணயம் வெளியிட்டார். கட்சி எதுவானாலும் முதுகு வளைவதில் வித்தியாசமில்லை. பக்தி தனி மனிதருக்குச் சொந்தம். பிரதமருக்கும் உண்டு, பியூனுக்கும் உண்டு. ஆனால் மந்திரி கும்பிடுகிற இடத்தில் கான்ஸ்டபிள் போய் எப்படிக் கேள்வி கேட்பார்?

இனி ஆணிக்கு வருவோம். செயற்குழு முடிவைச் சொல்கிறோம், கேட்டுவிட்டு நீங்கள் கை தூக்குங்கள். வாசகசாலைச் சுவரில் பாபா படம் வேண்டாம். எச்.என். படமும் வேண்டாம், எந்தத் தலைவர் படமும் வேண்டாம். இங்கே முருகபக்தர் இருக்கிறார், வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர் இருக்கிறார், தொழுகைக்குப் போகிறவர் இருக்கிறார், எதுவும் வேண்டாம் என்பவரும் இருக்கிறார். அத்தனை பேரும் காசு போட்டு எழுப்பிய சுவர். வீட்டில் யார் படத்தை மாட்டுவது என்பது வீட்டுக்காரர் பாடு. அதில் சங்கம் தலையிடாது, தலையிட்டுப் பேசுகிறவரைச் சங்கம் கண்டிக்கும். அந்தத் தாயின் வீட்டுக்குத் தம்பியும் நாங்களுமாகப் போகிறோம். படத்தைப் பற்றி விவாதம் செய்ய அல்ல, பிள்ளையைப் பார்க்க.

போகிற இடத்தில் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. அதை இங்கேயே எல்லோரிடமும் கேட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் தகப்பனார் ஒப்பந்தத் தொழிலாளி. மாதம் 15,000 ரூபாய் சம்பளம். ஒவ்வொரு மாதமும் ஈ.எஸ்.ஐ. என்று சொல்லி அவர் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். 2019 ஜூலை முதல் உள்ள கணக்குப்படி நூற்றுக்கு 75 காசு தொழிலாளி பங்கு, மூன்றேகால் ரூபாய் முதலாளி பங்கு. அவருக்கு 112 ரூபாய் 50 காசு. கண்ட்ராக்டர் போடவேண்டியது 487 ரூபாய் 50 காசு. ஆக மாதம் 600 ரூபாய் அந்தக் குடும்பத்தின் வைத்தியத்துக்காகச் சேர்ந்திருக்கவேண்டும். சேரவில்லை. பிள்ளைக்கு மூச்சு வாங்கியபோது கார்டைக் கேட்டால், நம்பரே இல்லை என்றார்கள். பிடித்த காசு எங்கே போனது என்று இன்றுவரை பதில் இல்லை. அந்தத் தகப்பனார் சாமியிடம் போனதற்கு முன்னால் நடந்தது இது. அவர் மட்டுமல்ல, இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேருக்கு அந்த நம்பர் தெரியும்? கை தூக்கச் சொன்னால் எண்ணிவிடலாம்.

ராஜாஜிநகரில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. இதய நோய்க்கென்றே ஜெயதேவா ஆஸ்பத்திரி இருக்கிறது, சர்க்காருடையது. அங்கே வரிசை நீளம், பேச்சில் கடுமை, காகிதம் ஒன்று குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள், மொழி தெரியாவிட்டால் இன்னும் சிரமம். இதெல்லாம் தெரிந்ததுதான். அதனால்தான் நம்மவர்கள் அந்த வாசலுக்கே போவதில்லை. போகாததனால் அங்கே நம்மைக் கணக்கில் வைப்பதும் இல்லை.

அடுத்த ஞாயிறு முதல் காலை 9 மணியிலிருந்து 12 மணிவரை வாசகசாலையில் ஒரு மேசை போடுகிறோம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆதார், வேலை செய்யும் இடத்தின் பெயரும் கண்ட்ராக்டரின் பெயரும் எழுதிய தாள் இவற்றைக் கொண்டுவாருங்கள். சம்பளச் சீட்டே தருவதில்லை என்றால் பாங்கு புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். 2017-ல் வைத்த வரம்பு 21,000 ரூபாய். அதற்குள் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும் வரலாம். நம்பர் இருக்கிறதா, காசு கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லப்படும். கட்டாதவர்கள் மீது மனு எழுதவேண்டும். கன்னடத்தில் எழுதித் தர நம் பகுதிக் கன்னடத் தோழர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மனுவைத் தனித்தனியாகக் கொடுத்தால் வேலை போகும் என்று பயம் இருக்கும். ஒரே சைட்டில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து வாருங்கள், சங்கத்தின் பெயரில் போடுவோம். முதல் மனு அந்தப் பிள்ளையின் தகப்பனாருடையது. இன்னும் பதினோரு பேர் அதே கண்ட்ராக்டரிடம் இருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது ஏழாவது வீதித் தோழர்களின் பொறுப்பு.